முயல் குட்டிகளுக்குக் கடைத் தீவனத்தோடு வேறென்ன கொடுக்கலாம்?
தம்பலகாமத்தில் 6 வாரக் குட்டிகள் வளர்க்கிறேன், கடைத் தீவனத்துக்குப் பதிலாக எந்த இலை போடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். முழுசாக நிறுத்தாதீர்கள், குறைக்கலாம். வளரும் முயலுக்குத் தீவனத்தில் சுமார் 16% புரதம் வேண்டும், அதற்கு நம்ம பக்கத்தில் முருங்கை இலைதான் என் முதல் தெரிவு, காய்ந்த இலையில் ஏறத்தாழ கால்வாசி புரதம். வற்றாளைக் (சர்க்கரைவள்ளிக்கிழங்கு) கொடியையும் விரும்பித் தின்னும். இப்பில் இப்பில் (சவுண்டல்) மரத்தின் இலையிலும் புரதம் அதிகம், ஆனால் அதிலுள்ள மிமோசின் என்ற நச்சு அளவு மீறினால் முடி கொட்டும், வளர்ச்சியும் குன்றும், அதனால் காயவைத்துக் கொஞ்சமாக மட்டும் கொடுங்கள். தேங்காய்ப் புண்ணாக்கும் தவிடும் சேர்க்கலாம், பூஞ்சணம் பிடித்ததைத் தயவுசெய்து வைக்காதீர்கள். அப்புறம், கூட்டில் எப்போதும் புல் இருக்கட்டும், நார்ச்சத்து குறைந்தால் கழிச்சல் வந்து குட்டி செத்துப்போகும். எந்தப் புது இலையையும் பத்து நாளில் மெல்ல மெல்லக் கூட்டுங்கள்.