கதிர்காமம் போகும் பயணத்தோடு யாலவையும் பார்க்கலாமா?

பண்டாரவளைப் பக்கத் தோட்டத்திலிருந்து வேன் பிடித்து, பெரியவர்களும் பிள்ளைகளுமாகப் பன்னிரண்டு பேர் கதிர்காமம் போகிறோம், யால வனவிலங்குப் பூங்காக் காட்டையும் பார்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். "கோயிலுக்குப் போகிற நமக்கு சஃபாரி எதற்கு" என்று வீட்டிலேயே சொல்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். தாராளமாகப் போகலாம். தோட்டத்து மக்களுக்கு அந்தக் காட்டில் வேலையில்லை என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அடையாள அட்டையைக் காட்டினால் உள்நாட்டவர் கட்டணம்தான், வெளிநாட்டவர் கட்டுவதில் அது ஒரு சிறு பங்கு. பணம் கரைவது டிக்கெட்டில் அல்ல, ஜீப்பில்.

உங்கள் வேனை உள்ளே விடமாட்டார்கள். பக்கத்து ஊரான திஸ்ஸவிலோ (திஸ்ஸமகாராம) கதிர்காமத்திலோ ஜீப் எடுக்க வேண்டும். ஒரு ஜீப்பில் வசதியாக ஆறு பேர், ஆகவே உங்களுக்கு இரண்டு ஜீப். விலை பேசும்போதே டிக்கெட்டும் சேர்த்தா, தனியா என்று கேளுங்கள். தனி என்றால் ஆளுக்கான டிக்கெட்டோடு வாகனக் கட்டணம், சேவைக் கட்டணம், வரி எல்லாம் பூங்கா வாசலில் சேரும். அங்கே போய் முகம் சுளிப்பது பெரும்பாலும் இதனால்தான். எந்த வாசல் என்பதையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். திஸ்ஸவில் தங்கினால் பலட்டுப்பான, கதிர்காமத்தில் தங்கினால் கட்டகமுவ பக்கம். முழங்கால், இடுப்பு வலியுள்ளவர்களைச் சாரதிக்கு அடுத்த வரிசையில் உட்கார வையுங்கள். பின் வரிசை அச்சுக்கு மேலே வருவதால் ஒவ்வொரு குழிக்கும் ஆளைத் தூக்கிப் போடும்.

வாசல் காலை 6 மணிக்குத் திறந்து மாலை 6 மணிக்கு மூடும். அரைநாள் போதும், அதுவும் காலை அரைநாள். ஜீப்பை 5 மணிக்கு முன்னரே வரச் சொல்லுங்கள். திறந்த ஜீப்பில் விடியற்காலைக் காற்று குளிரும், பிள்ளைகளுக்கு மெல்லிய சுவெட்டர் வேண்டும். ஒன்பது மணிக்குள் அதைக் கழற்றிவிடுவார்கள். வறட்சி கடுமையாகும் காலத்தில், வழக்கமாக செப்டெம்பர் முதலாம் திகதியிலிருந்து ஒக்டோபர் நடுப்பகுதி வரை, முதலாம் வலயத்தை மூடிவிடுவார்கள். எல்லோரும் போவது அந்த வலயத்துக்குத்தான் என்பதால் திகதியை உறுதி செய்த பிறகே வேனுக்கு முற்பணம் கொடுங்கள்.

ஹட்டன், மஸ்கெலியாவில் மே, ஜூன் மழை கொட்டும்போது யாலவில் தரை வெடித்துக் கிடக்கும். அங்கே மழை வருவது வடகீழ்ப் பருவத்தில். தண்ணீர் வற்ற வற்ற மிருகங்கள் மிஞ்சிய குளங்களைத் தேடி வரும் என்பதால் பெப்ரவரி முதல் ஜூலை வரை பார்ப்பதற்கு நல்ல காலம். பாலை மரம் பழுக்கும் மே, ஜூன், ஜூலையில் கரடி பழத்துக்காக மரமேறும். கரடி பார்க்க ஆசையென்றால் அதைவிட நல்ல நேரம் இல்லை.

சிறுத்தை தென்படாவிட்டால் காசு வீண் என்று நினைக்காதீர்கள். ஒரு ஜீப்காரர் கண்டால் அடுத்தவருக்குச் செய்தி, ஐந்து நிமிடத்தில் அந்த இடத்தில் வாகன நெரிசல். புறப்படும் முன்னரே சாரதியிடம், "சிறுத்தைக்காக ஓட வேண்டாம் அண்ணே, குளம் குளமாக நிறுத்திப் போங்க" என்று சொல்லிவிடுங்கள். குளக்கரையில் எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் பேசாமல் இருந்தால் முதலை, எருமை, நாரை, சில நேரம் யானைக் கூட்டம் எல்லாம் வரும். புள்ளிமான் கூட்டம் மேய்ச்சலை விட்டு ஒரே திசையில் காதை நிமிர்த்தி நின்று, மரத்தில் மந்தியும் கனைத்துக் கத்தினால், சிறுத்தை பக்கத்தில்தான் இருக்கிறது. அப்போது காத்திருங்கள்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அங்கே காசு கட்டித் தேடுகிற அதே சிறுத்தை நம் மலைகளிலும் இருக்கிறது, கம்பிச் சுருக்கில் சாகிறது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத்தில் ஒரு கருஞ்சிறுத்தை சுருக்கில் மாட்டி, உயிரோடு மீட்கப்பட்டும் சில நாளில் இறந்தது. மரக்கறித் தோட்டத்துக்குப் பன்றி வராமல் வைக்கிற சுருக்கு பெரும்பாலும் பழைய பிரேக் கேபிள். இழுக்க இழுக்க இறுகும், இடுப்பில் விழுந்தால் வெளியே காயம் சிறிதாகத் தெரியும், உள்ளே எல்லாம் நசிந்திருக்கும். பசிக்கு வைக்கிறார்கள் என்று வாதிடுவோர் இருப்பார்கள். பன்றித் தொல்லை எவ்வளவு என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் கம்பிக்கு ஆள் தெரியாது. ஒவ்வொரு முறையும் பழி தோட்டத்து லயக் குடியிருப்பு முழுவதன் தலையில் விழுவதும் எனக்கு ஆறாத கோபம்.

சரி, பழைய காலத்துத் தடயங்களுக்கு வருவோம். நீங்கள் நிறுத்தும் குளங்களில் சில இயற்கையானவை அல்ல, தெற்கே இருந்த பழைய உறுகுணை இராச்சியக் காலத்து மக்கள் கட்டியவை. ஊர் கைவிடப்பட்டுக் காடாகிய பின்னும் மிருகங்கள் அவற்றில்தான் தண்ணீர் குடிக்கின்றன. காட்டுக்குள்ளேயே இருக்கும் சித்துல்பவ்வ விகாரை, துட்டகைமுனுவின் தகப்பன் காக்கவண்ணதீசன் காலத்தோடு, அதாவது கி.மு. 2ஆம் நூற்றாண்டோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. வழிபடப் போகிறவர்கள் கதிர்காமத்திலிருந்து கட்டகமுவ வழியாகத் தங்கள் வாகனத்திலேயே போகலாம், பூங்கா டிக்கெட் தேவையில்லை. ஜீப்புக்குப் பணம் போதாதவர்கள் இந்தப் பாதையை மட்டும் பிடித்தாலும் மானும் மயிலும் காண்பார்கள். அங்குள்ள குகைகளின் நெற்றியைக் கவனியுங்கள். மழைநீர் பாறையோடு வழிந்து உள்ளே வராமல் சொட்டி விழுவதற்காக நீளமாக ஒரு விளிம்பு வெட்டியிருப்பார்கள், அதற்குக் கீழே பிராமி எழுத்துகள் இருக்கும். செருப்பைக் கழற்றித்தான் ஏற வேண்டும். பத்து மணிக்குப் பிறகு பாறை சுடும், காலுறை கொண்டு போனால் பிள்ளைகள் அழமாட்டார்கள். வெள்ளை அல்லது வெளிர் உடை, தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். சாப்பாட்டுப் பையைக் குரங்குக்குக் காட்டாதீர்கள்.

கூட்டமே வேண்டாம் என்றால் யாலவை விட்டுவிட்டு பூந்தல போங்கள். மணல்மேடு, முட்புதர், உப்பளம், கடல் என்று பாலைவனம் போன்ற கரை அது. 1990இல் இலங்கையின் முதல் ராம்சார் ஈரநிலமானது, அதாவது உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலம் என்று ஏற்கப்பட்டது. அங்குள்ள பதிராஜவெலவில் கிடைத்த கற்கருவிகள் ஏறக்குறைய 125,000 ஆண்டுப் பழமையானவை. பூநாரைக்காக மட்டும் போகாதீர்கள். பாசன வாய்க்கால்களின் நன்னீர் களப்பில் கலந்து உப்பு குறைந்ததால் முன்போல அவை வருவதில்லை.

வெயில் நம்மைத்தான் அதிகம் தாக்கும். 1,200 மீற்றர் உயரத்தில் வாழ்ந்த உடம்பு ஒரே நாளில் கடல்மட்டத்துக்கு இறங்குகிறது. ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர், உடம்பில் நீர் வற்றாமல் கரைத்துக் குடிக்க நாலைந்து ஜீவனி பக்கெட், தூசிக்கு முகத்தில் கட்டத் துணி. ரொட்டியும் கட்டச் சம்பலும் கெடாது, சோற்றுப் பார்சல் மதியத்துக்குள் புளித்துவிடும். கழிப்பறைக்கு வாசலிலேயே போய்விடுங்கள். காட்டுக்குள் இறங்க அனுமதியுள்ள பட்டனங்கல கடற்கரையில் 2004 சுனாமியில் இறந்தவர்களுக்கான நினைவிடம் இருக்கிறது. அங்கே பிள்ளைகளைக் கடலில் இறக்காதீர்கள்.

திரும்பும்போது புத்தல வீதியைப் பிடிப்பதானால் பொழுது சாயும் முன் கடந்துவிடுங்கள். கல்கே பக்கம் யானைகள் சாப்பாடு கேட்டு வாகனத்தை மறிக்கும். சோளம், வாழைப்பழம் எதுவும் நீட்டாதீர்கள், கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஹோர்ன் அடிக்காமல், இடம் கிடைக்கும்வரை எஞ்சினை அணைக்காமல் நில்லுங்கள். இருட்டிவிட்டால் தணமல்வில, வெல்லவாய வழியே சுற்றி ஏறுங்கள்.