நர்சிங் அசிஸ்டெண்ட் அட்வான்ஸ்டு கோர்ஸ் முடித்தால் ஸ்டாஃப் நர்ஸ் ஆகலாமா?

பத்தாவது முடித்து, ராயபுரத்தில் ஒரு நர்சிங் ஹோமில் அசிஸ்டெண்டாக இருப்பதாகவும், ‘அட்வான்ஸ்டு’ டிப்ளமோவுக்குப் பணம் கட்டலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

ஸ்டாஃப் நர்ஸ் ஆகும் ஆசையில் கட்டாதீர்கள். அதற்கு ஜிஎன்எம் (ஜெனரல் நர்சிங் அண்ட் மிட்வைஃபரி டிப்ளமோ) 3 வருடம் அல்லது பிஎஸ்சி நர்சிங் 4 வருடம் படிக்க வேண்டும். இரண்டுக்கும் பிளஸ் டூ தேவை. முடித்தபின் சாந்தோமில் உள்ள நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்தாக வேண்டும். ஒரு வருட டிப்ளமோவை வைத்து அந்தப் பதிவு கிடைக்காது. டிப்ளமோ முடித்தவர்கள் வருத்தப்பட வேண்டாம், உங்கள் உழைப்பை நான் குறை சொல்லவில்லை. நோட்டீஸில் ‘நர்ஸ்’ என்று போட்டுக் காசு வாங்குகிறவர்களைத்தான் சொல்கிறேன்.

அசிஸ்டெண்ட் வேலையிலேயே முன்னேற வேண்டுமென்றால், மருத்துவத் துறை வேலைகளுக்குத் திறன் சான்று தரும் ஹெல்த்கேர் செக்டார் ஸ்கில் கவுன்சிலின் ஜெனரல் டியூட்டி அசிஸ்டெண்ட் சான்றிதழ் வாங்குங்கள். சேருமுன் கோர்ஸ் கோடு கேளுங்கள்: எச்எஸ்எஸ்/க்யூ5101. கோடு சொல்லத் தடுமாறும் இடத்தில் சேராதீர்கள். ஏற்கெனவே வேலை பார்ப்பவர்களை மதிப்பிட்டுச் சான்று தரும் ஆர்பிஎல் முறையும் உண்டு, அதையும் விசாரியுங்கள். கூடவே பிஎல்எஸ் பயிற்சி எடுங்கள், அதாவது இதயமும் மூச்சும் நின்றவருக்குச் செய்யும் உயிர்காக்கும் முதலுதவி. நடு நெஞ்சில் நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், குறைந்தது 5 செ.மீ. ஆழம், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. பொம்மையில் கை வலிக்க வலிக்கச் செய்தால்தான் இது வரும்.

அந்தச் சான்றிதழின் செய்முறைத் தேர்வுக்கு உங்கள் வார்டுதான் நல்ல பயிற்சி. ரைல்ஸ் டியூப் ஃபீடிங்கை, அதாவது மூக்கு வழியாக இரைப்பைக்குப் போகும் டியூபில் உணவு கொடுப்பதை எடுத்துக்கொள்வோம். டியூப் சரியான இடத்தில் இருக்கிறதா என்று ஸ்டாஃப் நர்ஸ் பார்த்துச் சொன்ன பிறகே தொடங்க வேண்டும். கட்டிலின் தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி உயர்த்துங்கள். சிரிஞ்சின் பிஸ்டனை எடுத்துவிட்டு, கஞ்சியைத் தானாக இறங்க விடுங்கள். அவசரத்தில் பிஸ்டனால் தள்ளினால் வாந்தி வரும், அது நுரையீரலுக்குள் போனால் நிமோனியா. நடுவில் இருமினாலோ மூச்சுத் திணறினாலோ டியூபை மடக்கிப் பிடித்து நர்ஸைக் கூப்பிடுங்கள். முடிந்ததும் சுமார் 30 மி.லி. தண்ணீர் விட வேண்டும், இல்லாவிட்டால் கஞ்சி காய்ந்து டியூப் அடைத்துக்கொள்ளும். அரை மணி நேரமாவது படுக்க வைக்காதீர்கள்.

படுக்கைப் புண் விஷயத்தில் பலரும் ஏமாறுவது ஏர் பெட்டை நம்பி. அது ஓடிக்கொண்டிருந்தாலும் ஆளைத் திருப்பித்தான் ஆக வேண்டும், பொதுவாக 2 மணி நேரத்துக்கு ஒருமுறை. குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வையுங்கள். ‘தோல் சிவந்தால் கவனி’ என்று பாடத்தில் இருக்கும். நம் மாநிறத் தோலில், கறுத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. கையால் தொட்டுப் பாருங்கள். சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருந்தால் அப்போதே சொல்லிவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வீட்டுப் பராமரிப்புக்கு ஆள் அனுப்பும் சில ஏஜென்சிகள் அசிஸ்டெண்டை ‘சிஸ்டர்’ என்று சொல்லி அனுப்பிவிடுகின்றன. அந்த வீட்டார் நம்பி இன்சுலின் போடச் சொல்கிறார்கள், டிரிப் மாற்றச் சொல்கிறார்கள். அது உங்கள் சான்றிதழில் இல்லாத வேலை. ஏதாவது ஆனால் மாட்டுவது நீங்கள்தான், ஏஜென்சி போனைக்கூட எடுக்காது. ‘அது நர்ஸ் செய்ய வேண்டியதும்மா’ என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். சேரும்போது மார்க் ஷீட் ஒரிஜினலைக் கேட்டால் ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள்.