இளங்கலை படிக்கும்போதே மொழி, இலக்கிய ஆய்வுக் கட்டுரையை இதழில் வெளியிட முடியுமா?

முடியும். நான் இளங்கலையில் ஜப்பானிய மொழியும் இலக்கியமும் படித்தேன். மூன்றாம் ஆண்டில் வகுப்புக்காக எழுதிய ஒரு பருவக் கட்டுரை மாணவர் ஆய்விதழ் ஒன்றில் வந்தது. அனுப்பியதிலிருந்து வெளியாகும்வரை பத்து மாதம், நடுவில் இரண்டு முறை திருத்தி எழுதினேன். உங்கள் கேள்வியில் "பேராசிரியர்கள் சொல்லாத எதை நான் புதிதாகச் சொல்லிவிடப் போகிறேன்" என்று கேட்டிருக்கிறீர்கள். அதே தயக்கத்தில்தான் நானும் ஒரு வருடம் அதை அனுப்பாமல் வைத்திருந்தேன், அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பெரிதாக எதையும் சொல்ல வேண்டாம். நீங்கள் மூலமொழியில் வாசிக்கிறீர்கள், அதுவும் அகராதியைப் புரட்டிப் புரட்டி மெதுவாக வாசிக்கிறீர்கள். வேகமாக வாசிப்பவர் கண்ணில் படாத ஒரு சின்ன விஷயம் உங்களைத் தடுக்கி விழவைக்கும். அதுதான் கட்டுரை. ஜப்பானிய எழுத்தாளர் யசுநாரி கவாபட்டாவின் 'யுகிகுனி' (பனிநாடு) நாவலின் முதல் வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: 'எல்லையின் நீண்ட சுரங்கத்தைக் கடந்ததும் பனிநாடு' என்பதுபோல இருக்கும், எழுவாயே கிடையாது, யார் கடந்தார்கள், எது கடந்தது என்று சொல்வதில்லை. 1956இல் வந்த சைடன்ஸ்டிக்கரின் ஆங்கில மொழிபெயர்ப்பில் ரயில் சுரங்கத்திலிருந்து வெளியே வருகிறது. ரயில் என்ற சொல் வந்ததும் நாம் வெளியே நின்று ரயிலைப் பார்க்கிறோம், மூலத்தில் நாம் உள்ளே உட்கார்ந்திருக்கிறோம். (தமிழில் எழுவாய் இல்லாமலே இந்த வாக்கியம் நிற்கிறது, பாருங்கள்.) இதைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நீங்கள் இதையே எழுத வேண்டாம். ஆனால் ஒரு கட்டுரைக்கு இந்த அளவு சின்ன விஷயமே போதும். என் கட்டுரை, ஒரு சிறுகதையில் மருமகள் மாமியாரிடம் பேசும்போது மரியாதை வடிவம் மூன்று இடங்களில் மாறுவதைப் பற்றி மட்டுமே. மொழிபெயர்ப்பில் அந்த மூன்று இடமும் ஒரே மாதிரி இருந்தன.

பருவக் கட்டுரையை அப்படியே அனுப்பாதீர்கள். நான் அதைத்தான் செய்தேன். இருபத்து நாலு பக்கத்தில் முதல் எட்டுப் பக்கம் கதையை எழுதியவரின் வாழ்க்கை, அந்தக் காலத்து வரலாறு, யார் யார் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்ற தொகுப்பு. வகுப்பில் அது தேவை, இதையெல்லாம் படித்தேன் என்று ஆசிரியருக்குக் காட்ட வேண்டும். இதழை வாசிப்பவருக்கு அது தேவையில்லை, உங்கள் கருத்து என்ன, அதற்கு மூலத்தில் ஆதாரம் எங்கே என்றுதான் தேடுவார். எட்டுப் பக்கத்தை இரண்டு பத்தியாக்கியபோது எனக்கு உண்மையிலேயே வலித்தது, ஆனால் அதற்குப் பிறகுதான் கட்டுரைக்கு உயிர் வந்தது.

அப்புறம் மேற்கோள்கள். மூல வரி, அதன் ஒலிபெயர்ப்பு (அதே ஒலியை ரோமன் எழுத்தில் எழுதுவது), உங்கள் மொழிபெயர்ப்பு என்று மூன்றையும் கொடுக்கத் தயாராக இருங்கள், அந்த இதழ் எதைக் கேட்கிறது என்று விதிமுறையில் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டுரையை வெளியிடலாமா என்று இதழுக்காக வாசித்துச் சொல்லும் மதிப்பாய்வாளர் ஒருவருக்கு நீங்கள் ஆராயும் மொழி தெரியாமல் இருக்கலாம், அவரும் உங்கள் வாதத்தைப் பின்தொடர முடிய வேண்டும். ஒலிபெயர்ப்புக்கு ஒரே முறையைக் கடைசிவரை பிடியுங்கள்: ஜப்பானியத்துக்கு ஹெப்பர்ன், சீனத்துக்குப் பின்யின், இந்திய மொழிகளுக்கு ஐஎஸ்ஓ 15919. மொழியியல் கட்டுரை என்றால் சொல்லுக்குச் சொல் இலக்கணக் குறிப்பு எழுத லைப்சிக் விதிகளைப் பின்பற்றுவார்கள்.

எங்கே அனுப்புவது? இளங்கலை மாணவர்களுக்கென்றே இதழ்கள் இருக்கின்றன. பிரிட்டனின் வார்விக், ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் 'ரீஇன்வென்ஷன்' 2007இலிருந்து வருகிறது, எல்லாத் துறைக்கும் இடம் உண்டு. இது தவிர, மொழித்துறைகளே நடத்தும் மாணவர் இதழ்களில் சில வெளி மாணவர்களையும் ஏற்கும். பட்டம் வாங்கிவிட்டால் தகுதி போய்விடும் இதழ்களும் உண்டு, அதனால் கடைசிப் பருவம்வரை தள்ளிப்போடாதீர்கள். ஒரு கட்டுரையை ஒரு நேரத்தில் ஒரு இதழுக்கு மட்டும் அனுப்புங்கள்.

பணம் கேட்டால் விலகிவிடுங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் என் வகுப்புத் தோழி ஒருத்தி மாட்டிக்கொண்டாள். "உங்கள் மதிப்புமிக்க ஆய்வை வெளியிட விரும்புகிறோம்" என்று மின்னஞ்சல், நாலே நாளில் ஏற்பு, உடனே கட்டண ரசீது. கட்டினாள். யாருமே வாசிக்காத அந்தக் கட்டுரை இணையத்தில் ஏறிவிட்டது, எழுத்துப் பிழைகூடத் திருத்தப்படவில்லை. ஏற்கெனவே வெளியானது என்பதால் நல்ல இதழுக்கு அனுப்பவும் வழியில்லாமல் போனது, எனக்கு இன்னும் அந்தக் கோபம் ஆறவில்லை. "அதற்கு ஐஎஸ்எஸ்என் இருந்ததே" என்றாள். அது தொடர் வெளியீடுகளை அடையாளம் காட்டும் எட்டு இலக்க எண் மட்டுமே, தரத்துக்கான சான்று இல்லை. பழைய இதழ்களைத் திறந்து நாலு கட்டுரை வாசியுங்கள், ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் உண்மையிலேயே அந்தப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறார்களா என்று பாருங்கள், அது போதும்.

மொழிபெயர்ப்பையே வெளியிட நினைத்தால் அனுமதி வேண்டும். பதிப்புரிமை பற்றிய சர்வதேச பெர்ன் ஒப்பந்தப்படி மொழிபெயர்க்கும் உரிமை மூல ஆசிரியருடையது, அவர் இறந்து குறைந்தது 50 ஆண்டுவரை நிற்கும், பல நாடுகளில் இன்னும் நீளம். விமர்சனத்துக்காகச் சில வரிகளை மேற்கோள் காட்டுவது வேறு, முழுக் கதையை மொழிபெயர்த்து வெளியிடுவது வேறு. ஆட்களைப் பேட்டி எடுத்து எழுதுவதாக இருந்தால் கல்லூரியின் ஆய்வு நெறிக் குழு ஒப்புதலைப் பேட்டிக்கு முன்பே வாங்குங்கள்.

சரி, மதிப்பாய்வு எப்படி இருக்கும் என்று பயப்படுகிறீர்கள் அல்லவா, எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஜப்பானியத்தில் 'ரரெரு' என்று முடியும் வினை மரியாதையாகவும் இருக்கலாம், செயப்பாட்டு வினையாகவும் இருக்கலாம். என் மூன்றாவது உதாரணத்தில் நான் அதை மரியாதை என்று வாசித்திருந்தேன். இரண்டாவது மதிப்பாய்வாளர் அது செயப்பாட்டு வினை என்று, முந்தைய வாக்கியத்தைச் சுட்டி, நான்கு வரியில் பொறுமையாக விளக்கியிருந்தார். அவர் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மூன்று இடம் என்று எழுதியிருந்த கட்டுரை இரண்டு இடமாகச் சுருங்கியது, முடிவுரையை முழுக்க மாற்றி எழுதினேன். நீங்கள் அனுப்பும் முன்பே, அந்த மொழி நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் மேற்கோள்களை மட்டுமாவது காட்டிவிடுங்கள்.