10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டி 1990-களுக்குப் பிறகு எவ்வளவு மாறியிருக்கிறது? மகளைச் சேர்க்கும் முன் என்ன தெரிந்திருக்க வேண்டும்?

1990-களின் தொடக்கத்தில் பள்ளி அணிக்காக ஏர் ரைபிள் சுட்டதாகவும், இப்போது படிவம் இரண்டில் படிக்கும் உங்கள் மகள் அதே விளையாட்டில் சேர விரும்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இடைப்பட்ட காலத்தில் என்ன மாறியது, எதற்குப் பணம் செலவழிக்கலாம் என்பவை உங்கள் கேள்விகள். கோலாலம்பூரில் வார இறுதிகளில் இளையோருக்கு இந்தப் பயிற்சியை அளித்து வருபவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். துப்பாக்கி, இலக்கு, போட்டியின் வடிவம் எல்லாமே மாறிவிட்டன. ஆனாலும் மதிப்பெண்ணில் தசமம் நுழைந்ததுதான் எல்லாவற்றிலும் பெரிய மாற்றம் என்பதும், பயிற்சி முறையில் நீங்கள் காணப்போகும் புதுமைகளில் பெரும்பாலானவை அதிலிருந்தே கிளைத்தவை என்பதும் என் உறுதியான கருத்து.

முதலில் துப்பாக்கியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் காலத்தில் ஒவ்வொரு குண்டுக்கும் பக்கவாட்டு நெம்புகோலை இழுத்திருப்பீர்கள். ஃபைன்வெர்க்பாவ் 300 போன்ற துப்பாக்கிகளில் அது சுருள்வில்லைப் பின்னுக்குத் தள்ளும். பிறகு வந்தவற்றில் காற்றையே நேராக அழுத்தும். இன்று குழலுக்குக் கீழே 200 பார் அழுத்தத்தில் காற்று நிரப்பிய உருளை ஒன்று இருக்கிறது. சுடுபவர் செய்யவேண்டியது குண்டை வைத்து மூடுவது மட்டுமே. மரக்கட்டையின் இடத்தை அலுமினியச் சட்டம் பிடித்துக்கொண்டது. கன்னம், தோள், கை ஆகிய மூன்றும் படும் இடங்களை மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்த முடிவதால், வளரும் பிள்ளைக்கு அதே துப்பாக்கியை ஆண்டுதோறும் திருத்தி அமைத்துக் கொடுக்கலாம். நெம்புகோல் போனதால் கிடைத்த பயன் வசதியோடு நிற்கவில்லை. அறுபது முறை அதை இழுத்துத் தள்ளும் களைப்பு நீங்கியதோடு, முதல் குண்டுக்கு எடுத்த நிலையைப் பெரிதும் கலைக்காமல் அடுத்த குண்டுக்கும் நிற்க முடிகிறது. மெலிந்த உடல்வாகு கொண்ட பதின்வயதினர் உலக அளவில் முன்னுக்கு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இனித் தசமத்துக்கு வருகிறேன். குண்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டர், அட்டையின் நடுவிலுள்ள பத்து என்னும் புள்ளியின் விட்டமோ 0.5 மில்லிமீட்டர். குண்டின் ஓரம் அந்தப் புள்ளியைத் தொட்டாலே பத்து என்பதால், குண்டின் மையம் ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் வரை விலகியிருந்தாலும் உங்கள் காலத்தில் அது முழுப் பத்துதான். ஐயம் வந்தால் நடுவர் துளைக்குள் அளவுகோல் ஊசியைச் செருகி, பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார். இப்போது மின்னணு இலக்கு அந்தப் பத்தைப் பத்தாகக் கூறு போட்டு, 10.0 முதல் 10.9 வரை பிரித்துத் திரையில் காட்டிவிடுகிறது. ஒவ்வொரு 0.1-க்கும் உரிய அகலம் கால் மில்லிமீட்டர். இறுதிச் சுற்றில் தசமக் கணக்கு முன்பே இருந்தது. 2013 முதல் ஏர் ரைபிள் தகுதிச் சுற்றும் தசமத்துக்கு மாறியது. ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்று முழு எண்ணிலேயே நின்றுவிட்டது; அங்கே தசமம் இறுதிச் சுற்றுக்கு மட்டும்தான்.

இதன் விளைவை ஒரு கணக்கால் காட்டுகிறேன். ஒருவர் அறுபது குண்டுகளையும் 10.1-இல் சுடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பழைய கணக்கில் அவருக்கு 600-க்கு 600. அதற்கு மேல் ஒன்றுமில்லை. இன்னொருவர் 58 குண்டுகளை 10.6-இல் சுட்டு, இரண்டை மட்டும் 9.8-க்குத் தவறவிடுகிறார், பழைய கணக்கில் அவருக்கு 598. புதிய கணக்கில் முதலாமவருக்கு 606.0, இரண்டாமவருக்கு 634.4. முன்னவர் உள்ளூர்ப் போட்டியிலேயே பின்தங்குவார். பின்னவர் எந்த ஒலிம்பிக் இறுதிச் சுற்றுக்குள்ளும் நுழையக்கூடியவர். ஒன்பது விழுந்துவிடக் கூடாதே என்ற அச்சத்தோடு பழகிய தலைமுறைக்கும், ஒவ்வொரு பத்தும் எவ்வளவு ஆழமான பத்து என்று கேட்டுப் பழகும் தலைமுறைக்கும் உள்ள வேறுபாடு இந்த இரண்டு எண்களில் அடங்கியிருக்கிறது. உங்கள் பழைய அனுபவத்தை மகளுக்குச் சொல்லும்போது இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். "பத்து வந்துவிட்டது, போதும்" என்று நீங்கள் பாராட்டும் குண்டு, அவளுடைய திரையில் 10.1 என்று நிற்கும்.

ஆழமான பத்தைத் தேடத் தொடங்கியபோதுதான், விசையை அழுத்தி முடித்த பிறகும் ஒன்றிரண்டு நொடிகள் அசையாமல் நிற்பது பயிற்சியின் நடுப்பகுதிக்கு வந்தது. அதைப் பழக்குவதற்குப் பயிற்சி நிலையங்களில் ஸ்காட் போன்ற மின்னணுக் கருவியைப் பயன்படுத்துகிறோம். குழலின் கீழ் ஒரு சிறிய உணரியைப் பொருத்திவிட்டால், துப்பாக்கி முனை குறியைச் சுற்றி அலையும் பாதை கணினித் திரையில் கோடாக விழும். குறியை நெருங்கும் பாதை பச்சை, கடைசி ஒரு நொடி மஞ்சள், கடைசி 0.2 நொடி நீலம், குண்டு போன பிறகு சிவப்பு. புதிதாக வரும் பிள்ளைகளின் திரையில் பச்சையும் மஞ்சளும் ஓரளவு அடக்கமாகவே இருக்கும். சிவப்புதான் ஒரு பக்கமாகப் பிய்த்துக்கொண்டு ஓடும். விசை விழுந்ததுமே மதிப்பெண்ணைப் பார்க்கும் ஆவலில் தலை நிமிர்கிறது, தோள் தளர்கிறது. குண்டு குழலைவிட்டு வெளியேறுவதற்கு முன்பே அந்தத் தளர்ச்சி தொடங்கிவிடும் என்பதுதான் சிக்கல். நொடிக்கு ஏறத்தாழ 170 மீட்டர் வேகத்தில் செல்லும் குண்டு, பெருந்துப்பாக்கிக் குண்டோடு ஒப்பிட்டால் மிக மெதுவானது. குழலுக்குள் இருக்கும் அந்தச் சிறு நேரத்திலேயே கால் மில்லிமீட்டர் கைவிட்டுப் போகிறது. அதனால் பயிற்சியின் முதற்பாதியில் பிள்ளைகளின் மின்னணு இலக்குத் திரையைத் திருப்பி வைத்துவிடுகிறேன். எண் கண்ணில் படாதபோது உடல் தானாகவே நிலையில் தங்குகிறது. மின்னணு இலக்கு தந்த நன்மைகளை நான் மறுக்கவில்லை. ஆனால் தொடக்க நிலையில் அது பிள்ளையின் கவனத்தைக் குண்டிலிருந்து எண்ணுக்கு இழுத்துவிடுகிறது என்பதை அழுத்திச் சொல்வேன்.

போட்டியின் வடிவத்திலும் நேரம் சுருங்கியிருக்கிறது. அறுபது குண்டுகளுக்கு 105 நிமிடம் என்றிருந்த ஆண்கள் ஏர் ரைபிள் தகுதிச் சுற்று, இப்போது மின்னணு இலக்கில் 75 நிமிடம். 2018 முதல் பெண்களுக்கும் நாற்பது குண்டுகளுக்குப் பதிலாக அறுபது. இறுதிச் சுற்றில் முன்பு தகுதிச் சுற்று மதிப்பெண்ணையும் சேர்த்துக் கூட்டுவார்கள். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இந்தியாவின் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்ற 700.5 என்பது 596-உம் 104.5-உம் சேர்ந்தது. 2013-க்குப் பிறகு இறுதிக்கு வரும் எட்டுப் பேரும் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குகிறார்கள். பாரிஸ் 2024-இல் 24 குண்டுகள். பன்னிரண்டாம் குண்டுக்குப் பிறகு இரண்டு குண்டுக்கு ஒருவராக வெளியேற்றினார்கள். ஒற்றைக் குண்டு ஒவ்வொன்றுக்கும் 50 நொடிதான். முன்பு மூச்சுச் சத்தம்கூடக் கேட்கும் அமைதியில் நடந்த இறுதிச் சுற்றில் இப்போது இசை ஒலிக்கிறது, பார்வையாளர்கள் கைதட்டி ஆரவாரம் செய்யலாம். எனவே வானொலியைச் சத்தமாக வைத்துவிட்டுப் பயிற்சி செய்வதும் இன்று முறையான பயிற்சியே. டோக்கியோவில் ஆண்–பெண் கலப்பு இணைப் பிரிவுகளும் வந்துவிட்டதால், ஒலிம்பிக்கின் பதினைந்து துப்பாக்கி சுடும் பிரிவுகளில் ஆறு காற்றுத் துப்பாக்கிக்கு உரியவை.

வயதைப் பற்றியும் கவலைப்பட்டிருந்தீர்கள். பாரிஸில் பெண்கள் ஏர் ரைபிள் தங்கத்தை வென்ற தென்கொரியாவின் பான் ஹியோஜின்னுக்கு அப்போது வயது 16. அவர் துப்பாக்கியைத் தொட்டதே 2021-இல்தான். இறுதியில் சீனாவின் ஹுவாங் யூதிங்கும் அவரும் 251.8 என்று சமநிலையில் நின்று, கூடுதலாகச் சுட்ட ஒரு குண்டில் 10.4-க்கு 10.3 என்று தங்கம் முடிவானது. தசமக் கணக்கு என்ன செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் தங்கம் வென்றபோது அவருக்கு இருபது வயதுதான். நம் மலேசியாவிலும் முன்னோடிகள் இருக்கிறார்கள். 1998 காமன்வெல்த் விளையாட்டில் பெண்கள் ஏர் ரைபிள் தங்கம் நூருல் ஹூடா பஹாரினுக்குக் கிடைத்தது. எட்டு மாதக் கர்ப்பிணியாக 2012 லண்டன் ஒலிம்பிக்கில் நின்று சுட்ட நூர் சுர்யானி முகமது தாய்பியை, உடற்சமநிலை பற்றிப் பேசும்போதெல்லாம் பிள்ளைகளுக்கு நினைவூட்டுகிறேன்.

பாரிஸில் சாதாரணக் கண்ணாடியோடு, ஒரு கையைப் பைக்குள் விட்டபடி வெள்ளி வென்ற துருக்கியின் யூசுஃப் திகெச்சின் படத்தைக் காட்டி, கருவியே வேண்டாம் போலிருக்கிறதே என்று பெற்றோர் பலர் கேட்கிறார்கள். அவர் சுட்டது பிஸ்டல். அதில் விறைப்பான ஜாக்கெட் யாருக்கும் கிடையாது, மற்றொரு கையைப் பைக்குள் வைப்பதும் வழக்கமான நிலைதான். ரைபிளுக்கு அந்தப் படம் பொருந்தாது. ரைபிளில் தடித்த துணியும் தோலும் சேர்த்துத் தைத்த ஜாக்கெட்டும் கால்சட்டையும் முதுகைத் தாங்குகின்றன. அவற்றின் தடிமன் 2.5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, விறைப்பையும் கருவி வைத்து அளந்து பார்ப்பார்கள்.

ஆகவே செலவு என்று வந்தால் முதலில் உடைக்கும், அதற்குரிய காலணிக்கும் ஒதுக்குங்கள். புதிய போட்டித் துப்பாக்கியின் விலை பத்தாயிரம் ரிங்கிட்டைத் தாண்டும். மேலும், 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி காற்றுத் துப்பாக்கியும் ஆயுதமே என்பதால், காவல்துறை உரிமம் இல்லாமல் அதை வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. தொடக்கத்தில் சங்கத்தின் துப்பாக்கியே போதும். 2017 சீ (தென்கிழக்காசிய) விளையாட்டுப் போட்டி நடந்த சுபாங் தேசியத் துப்பாக்கி சுடும் தளத்துக்கு ஒருமுறை மகளை அழைத்துச் சென்று, 10 மீட்டர் போட்டி ஒன்றை முழுதாகப் பார்க்க வையுங்கள். ஒரே இடத்தில் எழுபத்தைந்து நிமிடம் நிற்பது தனக்குப் பிடிக்குமா என்பதை அவளே தெரிந்துகொள்வாள்.

சங்கத் துப்பாக்கியைக் கையில் வாங்கும்போது, காற்று உருளையில் பொறித்திருக்கும் தேதியைப் பாருங்கள். காலாவதியான உருளையோடு போட்டிக்குப் போகக் கூடாது; அதைச் சரிபார்ப்பது சுடுபவரின் பொறுப்பு என்றுதான் பன்னாட்டு விதி சொல்கிறது. ஜாக்கெட்டைப் பொறுத்தவரை நம் ஊர் ஈரக்காற்று அதற்கு எதிரி. பயிற்சி முடிந்ததும் வியர்வையோடு மடித்துக் காரின் பின்பெட்டியில் போட்டுவிட்டால், துணி பூஞ்சை பிடித்துத் துவண்டுவிடும். வீட்டுக்கு வந்ததும் அகலமான தோள் கொண்ட மாட்டியில் விசிறிக் காற்றில் உலரவிடவேண்டும். படிவம் இரண்டு மாணவிக்கு உயரம் இன்னும் கூடும் என்பதால், இந்த ஆண்டு அளவெடுத்துப் புதிதாகத் தைக்கச் சொல்லாமல், சங்கத்து மூத்த வீராங்கனையரிடம் சிறியதாகிப்போன ஜாக்கெட் கிடைக்குமா என்று முதலில் விசாரித்துப் பாருங்கள்.