ஓஎல் (சாதாரண தரம்) படிக்கும் மகளுக்குச் சின்ன டேப் எது நல்லது?

பாடநூல் பிடிஎஃப் வாசிக்கவும் சூம் வகுப்புக்கும் ஐபேட் மினியா, சாம்சங் டேப் ஏ9ஆ, அமேசான் ஃபயர் எச்டி 8ஆ என்று கேட்டிருக்கிறீர்கள்.

திரையை மட்டும் பார்த்தால் ஐபேட் மினிதான். 8.3 அங்குலத்துக்குள் ஓர் அங்குலத்துக்கு 326 புள்ளிகள். டேப் ஏ9இல் ஏறக்குறைய 179. கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் இரண்டிலும் ஒரே வரலாற்றுப் பாடப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அடிக்குறிப்பில் ‘ண’வின் சுழிகள் மினியில் தனித்தனியாகத் தெரிந்தன, ஏ9இல் ஒட்டிக்கொண்டன, பெரிதாக்கித்தான் வாசிக்க வேண்டியிருந்தது. நாள்முழுக்க வாசிக்கிற பிள்ளைக்கு இது சின்ன விசயமில்லை.

ஆனால் மினியின் அமெரிக்க விலையே 499 டொலர், மெமரி கார்டும் போட முடியாது. ஏ9 அதில் பாதி விலைகூட வராது, கார்டு போடலாம், பிளே ஸ்டோரும் உண்டு.

ஃபயர் மலிவுதான், ஆனால் பிளே ஸ்டோர் அதோடு வராது. படிப்புக்கு வேண்டாம்.

உங்கள் மகளுக்கு ஏ9 சரி. கிடைத்தால் 4 ஜிபி ரேமை விட்டு 8 ஜிபி உள்ளதையே எடுங்கள். சூம் ஓடும்போதே பாடநூலைத் திறந்தால் வித்தியாசம் தெரியும்.