பக்திப் பாட்டு பென்டிரைவில் வைரஸ்

கேள்வி: அம்மாவுக்காகத் திருவிழாக் கடையில் 650 ரூபாய்க்கு ஒரு குட்டி ஸ்பீக்கர் வாங்கினேன். ‘ஆயிரம் பக்திப் பாடல்கள்’ என்று கூடவே ஒரு பென்டிரைவும் கொடுத்தார்கள். இன்னும் கொஞ்சம் பாட்டு ஏற்றலாமென்று அதை ஆபீஸ் லேப்டாப்பில் செருகினால், வைரஸ் எச்சரிக்கை வருகிறது. ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக நிற்கிறது. ஸ்பீக்கரைத் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதானா?
- வாசகி, திருப்பூர்

பதில்: வேண்டாம், அம்மா கேட்டுக்கொண்டிருக்கட்டும். அந்த வைரஸ் விண்டோஸுக்காக எழுதியது. ஸ்பீக்கருக்கு எம்பி3-யைத் தேடிப் பாட மட்டும்தான் தெரியும். மற்றதை அது சீண்டாது.

லேப்டாப்பில்தான் வில்லங்கம். இந்த வகை வைரஸ் நிஜ ஃபோல்டரை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஒரு ஷார்ட்கட்டை வைத்துவிடும். ‘முருகன்’ என்பதைக் கிளிக் செய்தால் முதலில் மறைந்திருக்கும் புரோகிராம் ஓடும், அப்புறம் முருகன் பாட்டும் திறக்கும். கேட்டது கிடைத்துவிட்டதே, யாருக்குச் சந்தேகம் வரும்? பென்டிரைவில் ஃபோல்டர் படத்தின் மூலையில் சின்ன வளைந்த அம்புக்குறி தெரிந்தால் கை வைக்காதீர்கள்.

கடைக்காரர் வேண்டுமென்றே செய்திருப்பார் என்று தோன்றவில்லை. பாட்டு ஏற்றித் தருகிறவர்கள் ஒரே கம்ப்யூட்டரில் பென்டிரைவை மாற்றி மாற்றிச் செருகுவார்கள். அந்த ஒன்றில் வைரஸ் இருந்தால் எல்லாவற்றுக்கும் பரவிவிடும். பெரிய கம்பெனிக்கே இது நடந்திருக்கிறது. 2006 செப்டம்பர் 12-க்குப் பிறகு விற்பனைக்குப் போன வீடியோ ஐபாடுகளில் (பாட்டு, வீடியோ போடும் கையடக்கக் கருவி) ஒரு சதவீதத்துக்கும் குறைவானவற்றில் விண்டோஸ் வைரஸ் இருந்ததாக ஆப்பிளே ஒப்புக்கொண்டது. தயாரிப்பு இடத்தில் இருந்த ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டரிலிருந்து ஒட்டியதாம்.

முதல் வேலையாக ஆபீஸ் ஐடி ஆட்களிடம் சொல்லிவிடுங்கள். திட்டு விழலாம், ஆனால் அவர்களாகக் கண்டுபிடித்தால் இன்னும் அதிகம் விழும். பென்டிரைவில் இருக்கும் பாட்டுகளைக் காப்பாற்ற மெனக்கெடாதீர்கள். ஆன்ட்டிவைரஸ் அப்டேட் ஆகியிருக்கும் வீட்டுக் கம்ப்யூட்டரில் செருகி, டிரைவைத் திறக்காமல் ரைட் கிளிக் செய்து ஃபார்மேட் கொடுங்கள். எந்த வகை ஃபார்மேட் என்று கேட்கும் இடத்தில் ‘ஃபேட்32’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். என்டிஎஃப்எஸ் என்ற இன்னொரு வகையைப் போட்டால் இந்த விலை ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் படிக்காது, ‘ஸ்பீக்கர் ரிப்பேர்’ என்று அம்மாவிடமிருந்து போன் வரும்.

இன்னொன்று: ஸ்பீக்கரைச் சார்ஜ் போட லேப்டாப்பில் மாட்டாதீர்கள். மெமரி கார்டு போடும் ஸ்பீக்கர்கள் பல, கேபிளில் இணைத்ததும் கம்ப்யூட்டருக்குப் பென்டிரைவாகவே தெரியும். பழைய போன் சார்ஜர் போதும்.

கேள்வி: 150 ரூபாய் யுஎஸ்பி ஃபேனிலும் வைரஸ் வருமா?
- வாசகர், கடலூர்

பதில்: சாதாரண ஃபேன், விளக்கு எல்லாம் யுஎஸ்பியிலிருந்து கரண்டை மட்டும்தான் எடுக்கும். வைரஸ் உட்கார அதில் இடம் இல்லை. ஒயர் சூடாகிறதா என்று பாருங்கள், அதுதான் நிஜமான கவலை.

கேள்வி: பெயர் தெரியாத கம்பெனியின் டிஜிட்டல் போட்டோ ஃபிரேம் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது. வைஃபையும் உண்டு. வாங்கலாமா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: வைஃபை இல்லாததை வாங்குங்கள். ஜெர்மனியின் இணையப் பாதுகாப்பு அரசு அமைப்பு 2024 டிசம்பரில், தொழிற்சாலையிலிருந்தே வைரஸோடு வந்த சுமார் 30,000 கருவிகளை, அந்த வைரஸை இயக்குபவர்களோடு தொடர்புகொள்ள முடியாமல் துண்டித்தது. அவற்றில் போட்டோ ஃபிரேம்களும் மீடியா பிளேயர்களும் இருந்தன; எல்லாம் பழைய ஆண்ட்ராய்டில் ஓடியவை. பென்டிரைவை ஃபார்மேட் செய்வதுபோல இதை எளிதில் சுத்தம் செய்ய முடியாது.

ஃபிரேமோடு ‘கம்ப்யூட்டரில் இதையும் இன்ஸ்டால் செய்யுங்கள்’ என்று ஏதாவது வந்தால் விட்டுவிடுங்கள். 2010-இல் எனர்ஜைசர் என்ற பேட்டரி கம்பெனியின் யுஎஸ்பி பேட்டரி சார்ஜருக்கான மென்பொருளில் வெளியாட்கள் நுழையக் கள்ளவழி இருந்தது தெரியவந்தது. சார்ஜ் ஏறுவதற்கு அந்த மென்பொருளே தேவையில்லை! படத்தை மெமரி கார்டில் ஏற்றிப் போட்டாலே ஃபிரேம் காட்டும். வாங்கினால் பில்லைப் பத்திரமாக வையுங்கள். வைரஸ் இருந்து, விற்றவர் திரும்ப எடுக்க மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுக்க அதுதான் கேட்பார்கள்.