மாநகராட்சி நடத்திய மாலைக் கச்சேரி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தின் சார்பில், தொடக்ககால வானொலியைப் பற்றி இசையும் உரையுமாக ஒரு மாலை நிகழ்ச்சி நடத்தவிருக்கிறோம். அழைப்பிதழில் ‘1938இல் சென்னையில் பிறந்த வானொலி’ என்று அச்சிடலாமா? உரையாற்ற வருபவரிடம் எதை வலியுறுத்திப் பேசச் சொல்வது?
— வாசகர், மயிலாடுதுறை

பதில்: தயவுசெய்து அப்படி அச்சிடாதீர்கள். 1938 ஜூன் 16 என்பது அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் திறக்கப்பட்ட நாள். அதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பே சென்னையில் ஒலிபரப்பு தொடங்கிவிட்டது. சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் என்ற பொறியாளரின் முயற்சியால் 1924 மே 16 அன்று சென்னை மாகாண வானொலிக் கழகம் உருவாகி, அதே ஆண்டு ஜூலை 31 முதல் நிகழ்ச்சிகளை ஒலிபரப்பத் தொடங்கியது. முதலில் அவர்களிடம் இருந்த ஒலிபரப்புக் கருவியின் திறன் 40 வாட் மட்டுமே. அந்தக் காலத்துக் குண்டு பல்பு ஒன்று இழுக்கும் மின்சாரம்தான் அது. பிறகு 200 வாட் கருவி வந்தது. ஆர்வலர்களின் சந்தாவை நம்பி எத்தனை நாள் ஓட்ட முடியும்? 1927 அக்டோபரில் பணமில்லாமல் கழகம் ஒலிபரப்பை நிறுத்திக்கொண்டு, கருவியைச் சென்னை மாநகராட்சியிடம் ஒப்படைத்தது.

உங்கள் உரையாளர் நின்று நிதானமாகப் பேச வேண்டிய இடம் இதற்குப் பிறகு வருவதுதான் என்பது என் கருத்து. 1930 ஏப்ரல் 1 முதல், ரிப்பன் மாளிகையில் இருந்தபடி, மாநகராட்சியே வானொலியை நடத்தியது. அன்றாடம் மாலை 5.30 முதல் 7.30 வரை இசை நிகழ்ச்சிகள், பள்ளி வேலை நாட்களில் 4 மணிக்கு மாணவர்களுக்கென அரை மணி நேரம், ஞாயிறு காலையில் இசைத்தட்டுகள் என்று ஒழுங்கான நிரல் இருந்தது. வானொலிப் பெட்டி வாங்க வசதியுள்ள வீடுகள் மிகச் சிலவே என்பதால், மெரினா கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகளை நிறுவி, காற்று வாங்க வந்தவர்கள் அனைவரும் கட்டணமின்றிக் கேட்கும்படி செய்தார்கள். தெருவிளக்கு, குடிநீர், பூங்கா ஆகியவற்றைப் பராமரித்த அதே நிர்வாகம், சங்கீதத்தையும் ஊருக்குச் செய்ய வேண்டிய வசதிகளில் ஒன்றாகக் கருதி எட்டு ஆண்டுகள் நடத்தியது என்பது, நகராட்சி என்றாலே குப்பையும் வரியும் மட்டும் நினைவுக்கு வருகிற நமக்குச் சற்று வியப்பாகத்தான் இருக்கும்.

இதே ஆண்டுகளில் பம்பாயிலும் கல்கத்தாவிலும் நடந்ததை ஒப்பிட்டுச் சொல்லலாம். அங்கே 1927 ஜூலையிலும் ஆகஸ்டிலும் இந்திய ஒலிபரப்பு நிறுவனம் என்ற தனியார் நிறுவனம், தலா ஒன்றரைக் கிலோவாட் திறனுள்ள இரண்டு நிலையங்களைத் திறந்தது. பெட்டி வைத்திருப்பவர் ஆண்டுக்குப் பத்து ரூபாய் உரிமக் கட்டணம் கட்ட வேண்டும், அதில் பெரும்பங்கு நிறுவனத்தைச் சேரும் என்பது ஏற்பாடு. உரிமம் எடுத்தவர்கள் போதவில்லை. எடுக்காமலே கேட்டவர்களும் உண்டு. 1930 மார்ச்சில் நிறுவனம் கலைக்கப்பட, ஏப்ரல் 1 அன்று, அதாவது சென்னை மாநகராட்சி ஒலிபரப்பத் தொடங்கிய அதே நாளில், அந்த இரு நிலையங்களும் அரசின் கைக்கு வந்தன. அரசுத் துறை 1936 ஜூன் 8 அன்று அகில இந்திய வானொலி என்ற பெயரைப் பெற்றது.

ஆகவே வாய்ப்பிருந்தால் உங்கள் நிகழ்ச்சியை நூலக அரங்கிற்குள் அடைத்துவிடாமல், ஊர்ப் பூங்காவில், மாலை ஐந்தரைக்கு, ஒலிபெருக்கி வைத்து நடத்துங்கள்.

கேள்வி: இசைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கலாம்? அந்தக் காலத்து ஒலிபரப்பின் பதிவுகள் கிடைத்தால் அவற்றையே போட்டுவிடலாமே என்கிறார் எங்கள் செயலாளர்.
— அதே வாசகர்

பதில்: செயலாளர் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். அன்றைக்குப் பாட்டானாலும் பேச்சானாலும் ஒலிவாங்கிக்கு முன்னால் நிகழ்ந்தபடியே ஒலிபரப்பானது. எடுத்துச் சேர்த்துவைக்கும் வழக்கம் இல்லை. காந்த நாடா நம் நிலையங்களுக்கு வந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகே. ‘1930களின் வானொலிக் கச்சேரி’ என்ற பெயரில் இணையத்தில் உலவுபவற்றில் பல, உண்மையில் 78 சுழற்சி இசைத்தட்டுகளே. பக்கத்துக்கு மூன்று நிமிடத்தை ஒட்டி முடிந்துவிட்டால் அது தட்டு என்று அடையாளம் கண்டுகொள்ளலாம். அவற்றைப் போடுவதில் தவறில்லை, ஏனென்றால் வானொலியும் அவற்றைப் போட்டது; ஆனால் இசைத்தட்டு என்று சொல்லியே போடுங்கள்.

நேரடிக் கச்சேரிதான் பொருத்தம். நான்கு மணி நேரம் விரிவாகப் பாடிப் பழகிய வித்வான்களை வானொலி அரை மணி, ஒரு மணி என்ற கணக்குக்குள் கொண்டு வந்தது. எதிரே ரசிகர் இல்லை, தலையாட்டல் இல்லை, ‘பலே’ இல்லை. சுவரில் கடிகாரம் மட்டும் உண்டு. ராக ஆலாபனையை எங்கே நிறுத்துவது, நிரவலா (ஒரே வரியைப் பலவிதமாக விரித்துப் பாடுவது) ஸ்வரமா எதை விடுவது, மிருதங்கம் தனித்து வாசிக்கும் தனி ஆவர்த்தனத்துக்கு எத்தனை நிமிடம் என்பதை உட்காரும் முன்பே தீர்மானித்தாக வேண்டிய கட்டாயம் அப்போது வந்தது. உங்கள் ஊர்ப் பாடகரிடம் சரியாக அறுபது நிமிடம், ஒரு நிமிடம்கூட மிகாமல், என்று சொல்லிப் பாருங்கள். உரைகளுக்கும் இதே கண்டிப்பு வேண்டும். அன்றைய வானொலிப் பேச்சாளர் எழுதிக் கொண்டுவந்து படித்தவர், நம் மேடைப் பேச்சாளர்களைப் போல ‘இன்னும் ஒன்றைச் சொல்லி அமர்கிறேன்’ என்று மூன்று முறை சொன்னவர் அல்லர்.

கேள்வி: பக்கவாத்தியத்தில் ஹார்மோனியம் இருக்கலாமா?
— வாசகி, திருவையாறு

பதில்: 1940க்கு முந்தைய வானொலி என்றால் தாராளமாக இருக்கலாம். அந்த ஆண்டு மார்ச் 1 முதல் அகில இந்திய வானொலி ஹார்மோனியத்தை விலக்கிவைத்தது. கட்டை கட்டையாக நிற்கும் அதன் ஸ்வரங்களில் கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து வளைத்துப் பாடும் நயம், பேசாது என்பது சொல்லப்பட்ட காரணம். 1970களின் தொடக்கத்தில்தான் விலக்கு தளர்ந்தது. காரணத்தில் நியாயம் உண்டு. முப்பது ஆண்டுத் தடைக்கு அந்த நியாயம் போதுமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு.

கேள்வி: ஆசியாவின் முதல் வானொலி கொழும்புதான் என்று இங்கே சொல்கிறோம். சரியா?
— வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: மிகப் பழையவற்றுள் ஒன்று என்று சொன்னால் யாரும் மறுக்க முடியாது. தந்தித் துறையின் தலைமைப் பொறியாளர் எட்வர்ட் ஹார்ப்பர், பிடிபட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலின் கருவிகளைக் கொண்டு ஒலிபரப்பி அமைத்து, 1923இல் கொழும்புத் தந்தி அலுவலகத்தின் சிறு அறையிலிருந்து இசைத்தட்டுகளைச் சோதனையாக ஒலிபரப்பினார். 1925 டிசம்பர் 16 அன்று கொழும்பு வானொலி முறைப்படி தொடங்கியது. ஆனால் ஷாங்காயில் 1923 ஜனவரியிலும், பம்பாய் வானொலிக் கழகத்தில் அதே ஆண்டு ஜூனிலும் ஒலிபரப்பு நடந்திருக்கிறது. டோக்கியோ நிலையம் 1925 மார்ச்சிலேயே வந்துவிட்டது.

கேள்வி: மின்சாரமே இல்லாமல் இயங்கிய வானொலியை நிகழ்ச்சியில் மாணவர்களுக்குச் செய்து காட்ட முடியுமா?
— இயற்பியல் ஆசிரியை, கும்பகோணம்

பதில்: முடியும். அதற்குப் படிகப் பெட்டி என்று பெயர். கலீனா என்ற ஈயக் கனிமத் துண்டின் மீது மெல்லிய கம்பியின் முனையை நகர்த்தி நகர்த்தி, ஒலி கேட்கும் புள்ளியைக் கண்டுபிடித்துக் கேட்டார்கள். வானொலி அலையே காதொலிப்பானை இயக்கியது, பேட்டரி கிடையாது. கலீனாவை அலை உணர்வியாகப் பயன்படுத்தும் முறைக்கு ஜகதீஷ் சந்திர போஸ் 1904இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றிருந்தார் என்பதை மாணவர்களிடம் அவசியம் சொல்லுங்கள்.

கலீனாவுக்குப் பதில் ஜெர்மேனியம் டயோடு போதும். சிலிக்கான் டயோடு இவ்வளவு சிறிய மின்னழுத்தத்தில் வேலை செய்யாது. அட்டைக் குழாயில் எனாமல் கம்பியை எண்பது தொண்ணூறு சுற்று சுற்றி, பழைய ரேடியோவில் நிலையத்தைத் தேர்ந்தெடுக்கத் திருப்பும் கேங் கண்டன்சரை இணைத்து, இருபது மீட்டர் நீளமாவது ஏரியல் கட்டி, எர்த் கம்பியை ஈர மண்ணில் அடித்த இரும்புக் குழாயோடு சேருங்கள். பண்பலை இதில் கேட்காது. ஆகவே வலுவான மத்திய அலை நிலையம் ஏதாவது உங்கள் பகுதியில் கிடைக்கிறதா என்று சாதாரண ரேடியோவில் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். அருகில் எல்.இ.டி. விளக்கோ செல்பேசி சார்ஜரோ இருந்தால் இரைச்சலே மிகும். இன்றைய இயர்போன் இதற்கு ஒத்துவராது. இரண்டாயிரம் ஓம் மின்தடையுள்ள பழைய காதொலிப்பான் தேவை, அல்லது படிக இயர்போன் வேண்டும். அது கிடைக்காவிட்டால் சிறிய ஆம்ப்ளிஃபையர் ஒன்றை இணைத்துக்கொள்ளலாம். அப்போது ஆம்ப்ளிஃபையருக்கு மட்டும் பேட்டரி உண்டு என்பதை மாணவர்களிடம் சொல்லிவிடுங்கள்.